போன் சிஸ்டம் கொட்டேஷனைப் படிப்பது எப்படி?

அலுவலகத்துக்குப் புது போன் சிஸ்டம் வேண்டும் என்று கேட்டதும் மூன்று பக்கத்துக்கு ஒரு கொட்டேஷன் வரும். ஐ.பி. பி.பி.எக்ஸ்., எஸ்.ஐ.பி. ட்ரங்க், டி.ஐ.டி., எஃப்.எக்ஸ்.எஸ்., பி.ஓ.இ. என்று பாதிக்கு மேல் எழுத்துச் சுருக்கங்கள்தான். முதலாளி கடைசித் தொகையைப் பார்ப்பார். அக்கவுன்டன்ட் ஜி.எஸ்.டி. சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். நடுவில் இருப்பதைப் படிக்க ஆள் இல்லை. காசு போவதோ அந்த நடுவில்தான்.

நான் திருப்பூர், கோவைப் பக்கம் அலுவலகங்களுக்குப் போன் சிஸ்டம் மாட்டும் வேலைதான் செய்கிறேன். முன்பெல்லாம் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். என்ற பழைய போன் பெட்டியும், கம்பியை அழுத்திச் செருகும் க்ரோன் டூலுமாகச் சுற்றுவேன். இப்போது பெரும்பாலும் லேப்டாப்பும் நெட்வொர்க் கேபிளும்தான். வாங்குகிறவருக்குச் சொற்கள் புரிந்திருந்தால் எனக்குப் பேச்சு மிச்சம், அவருக்குப் பணம் மிச்சம். உதாரணத்துக்கு 24 மேசை உள்ள ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர்கள், அக்கவுன்ட்ஸ், கட்டிங், குடோன், செக்யூரிட்டி கேட் எல்லாம் அதில் உண்டு.

நம்பர் வேறு, சேனல் வேறு, எக்ஸ்டென்ஷன் வேறு

முதலில் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

எக்ஸ்டென்ஷன் என்பது அலுவலகத்துக்குள் ஒரு மேசைக்கு நாம் வைத்துக்கொள்ளும் எண். 201, 202 என்று மூன்று இலக்கத்தில் வைப்பது வழக்கம். மெர்ச்சன்டைசர் குடோனைக் கூப்பிட்டால் அந்தப் பேச்சு உங்கள் கட்டடத்தைத் தாண்டுவதே இல்லை, டெலிகாம் கம்பெனிக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

சேனல் என்பது வெளியாட்களோடு ஒரே நேரத்தில் எத்தனை பேச்சு நடக்கலாம் என்ற கணக்கு. ஆறு சேனல் என்றால் ஆறு பேச்சு. ஏழாவதாக உங்கள் ஆள் வெளியே டயல் செய்தாலும் பிஸி, வெளியிலிருந்து ஏழாவது வாடிக்கையாளர் கூப்பிட்டாலும் பிஸி. மாத வாடகை பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

நம்பர் என்பது விசிட்டிங் கார்டில் அச்சடிப்பது. ஒரே நம்பருக்குப் பின்னால் முப்பது சேனல் இருக்கலாம். நூறு நம்பருக்குப் பின்னால் பத்தே சேனலும் இருக்கலாம்.

பழைய செம்புக்கம்பி லேண்ட்லைனில் ஒரு ஜோடிக் கம்பி, ஒரு நம்பர், ஒரு பேச்சு என்று எல்லாம் ஒன்றாக இருந்தன. அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும், "ஏனுங்க, 24 பேர் இருக்கோம், 24 லைன் போட்டுருங்க" என்கிறார்கள். 24 பேரும் ஒரே நிமிஷத்தில் வெளியாட்களோடு பேசுவது எந்த அலுவலகத்திலும் நடக்காது. விற்பவர் அதைச் சொல்ல மாட்டார், அவருக்கென்ன வந்தது.

அப்படியானால் எத்தனை சேனல்? இதற்கு ஊகம் தேவையில்லை. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர் 1917-லேயே சூத்திரம் போட்டுக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் கால் சென்டர்காரர்கள் அவர் பெயரிலேயே 'எர்லாங்' என்ற அலகில்தான் கணக்குப் போடுகிறார்கள். நாளில் எந்த ஒரு மணி நேரம் போன் அதிகமாக அடிக்கிறது என்று பாருங்கள். அந்த மணி நேரத்தில் உள்ளே வந்ததும் வெளியே போனதுமாக 40 அழைப்பு, சராசரியாக 3 நிமிஷம் என்று வையுங்கள். மொத்தம் 120 நிமிஷம். 60-ஆல் வகுத்தால் 2 எர்லாங். இதை எர்லாங் பி கால்குலேட்டரில் போட்டால் (இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது) 4 சேனல் வைத்தால் 100 அழைப்பில் ஒன்பது பத்து பிஸி ஆகும், 5 வைத்தால் நான்கு, 6 வைத்தால் ஒன்றே ஒன்று என்று வரும். ஆகவே அந்த 24 மேசை அலுவலகத்துக்கு 6 சேனலில் வண்டி ஓடும்.

இதில் இரண்டு விஷயம் கூட்டிக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து வரும் அழைப்பை மேலாளரின் மொபைலுக்குத் திருப்பிவிட்டால், உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு சேனல் பிடிக்கும். அதேபோல் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரும் ஒரு சேனலில்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்த இரண்டும் உங்களிடம் உண்டு என்றால் 8 என்று கேளுங்கள். கணக்கையும் சாதாரண வாரத்தில் எடுக்காதீர்கள். ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் எடுங்கள்.

பி.ஆர்.ஐ.யா, எஸ்.ஐ.பி. ட்ரங்கா?

வெளியுலகத்தோடு உங்கள் போன் பெட்டியை (பி.பி.எக்ஸ்.) இணைக்கும் வழிக்கு ட்ரங்க் என்று பெயர். பி.ஆர்.ஐ. பழைய வழி. நொடிக்கு 2.048 மெகாபிட் ஓடும் ஒரு இணைப்பை 64 கிலோபிட் வீதம் 32 துண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று நேரத்தை ஒத்துப்போக வைக்க, ஒன்று அழைப்பு விவரங்களுக்கு, மீதி 30 பேச்சுக்கு. அதனால்தான் பி.ஆர்.ஐ. என்றாலே 30 சேனல் என்று கட்டாகத் தருகிறார்கள். 6 தேவைப்படும் அலுவலகத்துக்கு 30 எதற்கு?

எஸ்.ஐ.பி. ட்ரங்கில் குரல் சின்னச் சின்ன டேட்டா துண்டுகளாக, அதாவது இணையப் பொட்டலமாகப் போகிறது, சேனலை எண்ணி வாங்கலாம். நம் ஊரில் டெலிகாம் கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் ஃபைபரிலேயே இதற்கென்று தனிப் பாதை போட்டுத் தருகின்றன, உங்கள் பிராட்பேண்ட் மெதுவானாலும் இந்தப் பாதைக்குச் சேதமில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. குறைந்தபட்சம் எத்தனை சேனல் எடுக்க வேண்டும்? சீசனில் கூட்டி, பிறகு குறைக்க முடியுமா? இப்போது இருக்கும் நம்பரைத் தக்கவைக்க முடியுமா? இதற்கெல்லாம் வாய்ப்பேச்சு போதாது, மெயிலில் வாங்கிவையுங்கள்.

ட்ரங்கோடு வருபவைதான் பைலட் நம்பரும் டி.ஐ.டி. நம்பர்களும். பைலட் என்பது பொது நம்பர். டி.ஐ.டி. என்பது ஒரு மேசைக்கு நேராக வந்து விழும் வெளி நம்பர். ரிசப்ஷனைத் தொடாமல் வெளிநாட்டு பையர் நேரே தன் மெர்ச்சன்டைசரைப் பிடிக்க இது வேண்டும். 24 பேருக்கும் வாங்கிக் குவிக்காதீர்கள். பையரோடு பேசுகிற ஐந்தாறு பேருக்கு இருந்தால் போதும், செக்யூரிட்டி கேட்டுக்கு டி.ஐ.டி. எதற்கு?

பெட்டி

பி.பி.எக்ஸ். என்பது எந்த அழைப்பு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் இயந்திரம். பழசில் அது ஈ.பி.ஏ.பி.எக்ஸ். சுவரில் மாட்டிய பெட்டி, பக்கத்தில் கம்பிகளைப் பிரித்துக் கொடுக்கும் க்ரோன் பாக்ஸ், அதிலிருந்து மேசைக்கு ஒரு ஜோடிக் கம்பி. புதுசில் அது ஐ.பி. பி.பி.எக்ஸ். சின்ன கம்ப்யூட்டர்தான், நெட்வொர்க் கேபிளில் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஓடுவது பல நேரம் ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருளாக இருக்கும். 1999-ல் அமெரிக்காவின் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு உதவும் கம்பெனி ஆரம்பித்தார். போன் சிஸ்டம் வாங்கக் கையில் காசில்லை, தானே எழுதிவிட்டார். இன்றைக்கு எத்தனையோ கம்பெனிகள் அதன் மேல் தங்கள் லேபிளை ஒட்டி விற்கின்றன. அதில் தப்பில்லை. ஆனால் மென்பொருளுக்கு என்று கொட்டேஷனில் பெரிய தொகை இருந்தால், உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது வகை ஹோஸ்டட் பி.பி.எக்ஸ்., கிளவுட் என்றும் சொல்வார்கள். பெட்டி உங்களிடம் இருக்காது, சேவை தருபவரின் சர்வரில் இருக்கும். ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை. நான்கைந்து பேர் வெவ்வேறு ஊரில் வேலை செய்யும் கம்பெனிக்கு இது அருமை. ஒரே கட்டடத்தில் 24 பேர் உட்கார்ந்து பாதி நேரம் தங்களுக்குள் பேசிக்கொள்கிற இடத்துக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. இன்டர்நெட் போனால் பக்கத்து அறைக்கும் போன் அடிக்காது.

பெட்டி வாங்கும்போது ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: 'கன்கரன்ட் கால் லைசென்ஸ்'. பெட்டி ஒரே நேரத்தில் எத்தனை பேச்சைத் தாங்கும் என்பது அது. ட்ரங்கில் 8 சேனல் வாங்கிவிட்டுப் பெட்டியில் 4-க்குத்தான் லைசென்ஸ் என்றால் ஐந்தாவது அழைப்பு நிற்கும். டெலிகாம்காரர் பெட்டியைக் கை காட்டுவார், பெட்டிக்காரர் ட்ரங்கைக் கை காட்டுவார்.

மேசையில் வைப்பது

ஐ.பி. போன் நெட்வொர்க் கேபிளில் நேரே மாட்டுவது. சாஃப்ட்போன் என்பது கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ போடும் ஆப். அதற்கும் 201 என்று எக்ஸ்டென்ஷன் உண்டு, ஆள் மும்பைக்குப் போனாலும் 201 அவரிடமே அடிக்கும். ஹெட்செட்டில் காசைக் குறைக்காதீர்கள். எதிரொலி என்று வரும் புகாரில் பாதி மலிவு ஹெட்செட்டும் ஸ்பீக்கர்போனும்தான்.

பழைய போன்களைத் தூக்கிப்போட வேண்டிய அவசியமில்லை. ஏ.டி.ஏ. அல்லது கேட்வே என்ற சின்னப் பெட்டி அவற்றை ஐ.பி. சிஸ்டத்தில் சேர்த்துவிடும். அதில் இரண்டு வகை ஓட்டை இருக்கும். எஃப்.எக்ஸ்.எஸ். போர்ட்டில் போனை மாட்ட வேண்டும், அது டயல்டோன் கொடுக்கும். எஃப்.எக்ஸ்.ஓ. போர்ட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைனை மாட்ட வேண்டும், அது டயல்டோன் வாங்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி வாங்கினால் ஒன்றுக்கும் உதவாது. கட்டிங் செக்‌ஷன், செக்யூரிட்டி கேட் மாதிரி தூசியும் தூரமும் உள்ள இடத்துக்கு நான் பழைய போனையே விட்டுவிடுவேன். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. போன் கம்பி அதைவிட எவ்வளவோ தூரம் போகும்.

பி.ஓ.இ. என்றால் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் வருவது. மேசைக்கு மேசை அடாப்டர் தேவையில்லை. 802.3 ஏ.எஃப். என்ற தரத்தில் ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். சாதாரண ஐ.பி. போனுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆனால் 24 போர்ட் ஸ்விட்சின் மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். சில மலிவு ஸ்விட்சுகளில் 24 போர்ட் இருக்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிற மின்சாரம் குறைவு. கேமராவையும் அதிலேயே மாட்டினால் கடைசி நான்கு போன் எரியாது.

அழைப்பு எப்படிப் போகிறது?

இந்தப் பகுதி கொட்டேஷனில் வராது. ஆனால் பிறகு வரும் தகராறெல்லாம் இங்கேதான்.

இணையத் தொலைபேசியில் ஒரு அழைப்பு இரண்டு வேலையாகப் பிரிகிறது. கூப்பிடுவது, மணி அடிக்க வைப்பது, எடுத்தாரா வைத்தாரா என்று சொல்வது எல்லாம் எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறையின் வேலை. குரலைச் சுமப்பது ஆர்.டி.பி.யின் வேலை. இரண்டும் வெவ்வேறு பாதையில் போகும். எஸ்.ஐ.பி. வழக்கமாக 5060 என்ற போர்ட்டில் பேசும் (இங்கே போர்ட் என்பது கேபிள் மாட்டும் ஓட்டை அல்ல, நெட்வொர்க்கில் ஒரு வாசல் எண்). ஆர்.டி.பி. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு புதுப் போர்ட்டைப் பிடிக்கும், ஆஸ்டெரிஸ்கில் வழக்கமாக 10000-க்கும் 20000-க்கும் நடுவே. மணி அடிக்கிறது, எடுத்தால் சத்தமே இல்லை என்றால் எஸ்.ஐ.பி. வேலை செய்கிறது, ஆர்.டி.பி. எங்கோ தடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். இது தெரிந்தால் சர்வீஸ்காரரிடம் "போன் வேலை செய்யலைங்க" என்பதற்குப் பதிலாகச் சரியாகப் புகார் சொல்லலாம்.

"நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை" என்பதுதான் அடிக்கடி வரும் புகார். காரணம் பெரும்பாலும் என்.ஏ.டி., அதாவது உள் முகவரியை ரூட்டர் வெளி முகவரியாக மாற்றும் வேலை. உங்கள் ரூட்டருக்குள் இருக்கும் போனுக்கு 192.168 என்று தொடங்கும் உள் முகவரி. அழைப்பு தொடங்கும்போது "குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று போன் தன் உள் முகவரியையே எழுதி அனுப்பிவிடுகிறது. வெளியூர்க்காரருக்கு "மாடியில் மூன்றாவது ரூம்" என்று மட்டும் எழுதி விலாசம் கொடுத்த கதைதான். எதிர்முனை அனுப்பும் குரல் வந்து சேராது. பி.பி.எக்ஸ். அமைப்பில் வெளி ஐ.பி. முகவரியைச் சரியாகக் குறிக்க வேண்டும், ஆர்.டி.பி. போர்ட்டுகளைத் திறந்துவிட வேண்டும். இன்னொரு முக்கியமான வேலை: ரூட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒரு டிக் இருக்கும். உதவி செய்கிறேன் என்று நடுவில் புகுந்து முகவரியைத் தப்பாக மாற்றி வைக்கும் வசதி அது. முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு வேடிக்கையான கோளாறு, பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், அரை நிமிஷம் தாண்டியதும் பட்டென்று அறுந்துவிடும். வாட்ச்சை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் 32 நொடி. போனை எடுத்தவர் பக்கம் "எடுத்துவிட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்பும். கூப்பிட்டவர் பக்கம் "சரி, கிடைத்தது" என்று பதில் தர வேண்டும். அந்தப் பதில் வந்து சேராவிட்டால் 32 நொடி வரை முதல் செய்தியையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு அழைப்பைத் துண்டித்துவிடும். எஸ்.ஐ.பி. விதியிலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே 32 நொடியில் அறுந்தால் லைனைத் திட்டாதீர்கள், ரூட்டரையும் ஃபயர்வாலையும் பாருங்கள்.

அழைப்பு போகவே இல்லை என்றால் பெட்டியின் பதிவில் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். 486 என்றால் எதிர்முனை பிஸி. 404 என்றால் அப்படி ஒரு நம்பரே இல்லை, பெரும்பாலும் டயல் செய்த விதம் தப்பு. 403 என்றால் அனுமதி இல்லை. ஐ.எஸ்.டி. திறக்காமல் வெளிநாட்டுக்கு டயல் செய்தால் இது வரலாம். 408 என்றால் பதிலே வரவில்லை. 503 என்றால் அந்தப் பக்கத்து சர்வரால் இப்போது முடியவில்லை, பெரும்பாலும் டெலிகாம் கம்பெனியைக் கூப்பிட வேண்டிய வேளை. இந்த எண்ணோடு புகார் கொடுத்துப் பாருங்கள், எதிர்ப்பக்கம் பேசும் தோரணையே மாறும்.

கோடெக், ஜிட்டர்

குரலை எண்ணாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஜி.711 என்பது நொடிக்கு 8,000 முறை குரலை அளந்து 64 கிலோபிட்டாக அனுப்புவது. சுருக்கம் எதுவுமில்லை, பொட்டலத்தின் மேலட்டைகளையும் சேர்த்தால் ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட் ஆகும். ஜி.729 அதையே 8 கிலோபிட்டாகச் சுருக்கும், மேலட்டையோடு சுமார் 31. எட்டுப் பேச்சுக்கு ஜி.711-லேயே 700 கிலோபிட்தான் ஆகிறது. இன்றைய ஃபைபரில் அது ஒரு பொருட்டே இல்லை. அதனால் ஜி.711-ஐ வையுங்கள், நம் நாட்டில் அதன் ஏ-லா வகை. ஜி.729-ல் குரல் கொஞ்சம் தகரம் தட்டும். பட்டன் ஒலியைக் குரலோடு கலந்து அனுப்பும் அமைப்பாக இருந்தால் அதில் சிதைந்தும் போகும். "1-ஐ அழுத்தவும்" என்கிறது, அழுத்தினால் கேட்கவில்லை என்ற புகாரின் மூலம் பல நேரம் இதுதான். பட்டனைத் தனிச் செய்தியாக அனுப்ப ஆர்.எஃப்.சி. 2833 என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

உள்ளுக்குள் பேச ஜி.722 இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண போன் 3,400 ஹெர்ட்ஸோடு குரலை வெட்டிவிடுகிறது, ஜி.722 7,000 வரை விடுகிறது. 'எஸ்' என்றதை 'எஃப்' என்று கேட்டு ஸ்டைல் நம்பரைத் தப்பாக எழுதுவது எல்லாம் அந்த வெட்டுப்பட்ட பகுதியால்தான். ட்ரங்க் வழியாக வெளியே போகும் பேச்சில் இந்தச் சுகம் பெரும்பாலும் கிடைக்காது.

வேகம் போதும், ஆனாலும் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. ஏன்? குரல் பொட்டலம் 20 மில்லிநொடிக்கு ஒன்று புறப்படும். அதே இடைவெளியில் வந்து சேர வேண்டும். முன்னே பின்னே வந்தால் அது ஜிட்டர். வராமலே போனால் பாக்கெட் லாஸ். வருவதற்கே நேரமானால் லேட்டன்சி. லேட்டன்சி ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது ஐ.டி.யு. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஸ்பீடு டெஸ்ட்டில் 100 எம்.பி. காட்டுகிறதே என்று சொல்லிப் பயனில்லை. குரலுக்குத் தனிப் பாதை இல்லாத இடத்தில், டிசைனர் ஒரு பெரிய ஃபைலை டிரைவில் ஏற்ற ஆரம்பித்ததும் அப்லோடு அடைத்துக்கொள்ளும், குரல் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். இதற்கு மருந்து க்யூ.ஓ.எஸ்., குரலுக்கு முதலில் வழிவிடு என்று ரூட்டருக்குச் சொல்வது. குரல் பொட்டலத்துக்கு 46 என்ற குறியிடுவது வழக்கம். போன்களுக்கு மட்டும் தனி வீலேன் (அதே கேபிளில் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) போட்டால் இன்னும் நல்லது. கொட்டேஷனில் இந்த இரண்டு சொல்லும் இல்லையென்றால் கேளுங்கள், பல பேர் செய்யாமலே போய்விடுவார்கள்.

வசதிகள்

ஐ.வி.ஆர். என்பது "தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்". இரண்டு படிக்கு மேல் வைக்காதீர்கள். ரிங் குரூப் என்பது ஒரே நேரத்தில் பல மேசை அடிப்பது, ஹன்ட் குரூப் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பது. க்யூ என்பது வரிசையில் நிறுத்துவது. கால் பிக்கப் என்றால் பக்கத்து மேசையில் அடிக்கும் போனை உங்கள் மேசையிலிருந்தே எடுப்பது, ஆஸ்டெரிஸ்கில் வழக்கமாக *8. பி.எல்.எஃப். என்பது யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று போனில் எரியும் விளக்கு. ரிசப்ஷனுக்கு இது கட்டாயம், மற்றவர்களுக்கு அழகுக்கு.

ட்ரான்ஸ்ஃபரில் மட்டும் கொஞ்சம் நிற்கலாம். பிளைண்ட் ட்ரான்ஸ்ஃபர் என்றால் கேட்காமல் தள்ளிவிடுவது. அட்டென்டட் ட்ரான்ஸ்ஃபர் என்றால் "அண்ணா, பையர் லைன்ல இருக்காரு, கொடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது. நம் அலுவலகங்களில் எல்லோரும் முதலாளிக்குத் தருவது இரண்டாவது வகைதான், ஆனால் போனில் கைக்கு வாகாக இருக்கும் பட்டன் சில மாடல்களில் முதல் வகைக்கு அமைந்திருக்கும். மாட்டும் நாளிலேயே மாற்றச் சொல்லிவிடுங்கள்.

சி.டி.ஆர். என்பது யார், எப்போது, எந்த நம்பரோடு, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற பதிவு. மேலே சொன்ன எர்லாங் கணக்குக்கு அடுத்த வருஷம் இதுதான் ஆதாரம்.

டயல் பிளானும் ஒரு பூஜ்யமும்

எந்த எண்ணை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்ற விதித் தொகுப்புதான் டயல் பிளான். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும். பழைய ஈ.பி.ஏ.பி.எக்ஸ். அலுவலகங்களில் வெளி லைன் பிடிக்கவும் 0 அழுத்தும் வழக்கம். ஆக இரண்டு பூஜ்யம். ஒன்றைப் போட்டுவிட்டு "நம்பர் தவறானது" என்று கேட்டு எரிச்சலாகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐ.பி. பி.பி.எக்ஸ்.ஸில் பத்து இலக்க மொபைல் நம்பரை அப்படியே அழுத்தினால் பெட்டியே 0 சேர்த்து அனுப்பும்படி ஒரு வரி எழுதலாம். எழுதச் சொல்லுங்கள். 112, 108 இரண்டும் எந்தப் பூட்டும் பாஸ்வேர்டும் இல்லாமல் செக்யூரிட்டி கேட்டிலிருந்தும் போக வேண்டும்.

பூட்டும் சட்டமும்

ஐ.எஸ்.டி. தேவையில்லாத எக்ஸ்டென்ஷனில் அதை மூடிவிடுங்கள். இணையத்தில் 5060 போர்ட் திறந்து கிடக்கும் பெட்டிகளைத் தேடிக்கொண்டே திரியும் நிரல்கள் உண்டு. எக்ஸ்டென்ஷன் 201, பாஸ்வேர்டும் 201 என்றிருந்தால் சனிக்கிழமை ராத்திரி உள்ளே வந்து, நிமிஷத்துக்கு அதிகக் கட்டணம் உள்ள வெளிநாட்டு நம்பர்களுக்கு அழைத்துத் தள்ளுவார்கள். திங்கட்கிழமை பில் உங்கள் பெயரில். டோல் ஃப்ராடு என்பது இதைத்தான். நீளமான பாஸ்வேர்டு வையுங்கள், வெளியே இருந்து சாஃப்ட்போன் பயன்படுத்துகிறவர்களை வி.பி.என். (இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை) வழியாக வரச் சொல்லுங்கள், நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று டெலிகாம் கம்பெனியிடம் வரம்பு கேளுங்கள்.

இணைய வழியில் மொபைலுக்கும் லேண்ட்லைனுக்கும் கூப்பிடும் சேவையை உரிமம் பெற்ற டெலிகாம் நிறுவனங்கள் தர 2018-ல் வழி பிறந்தது. சொந்த அலுவலகத்துக்குள் ஐ.பி. போன் வைப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் வெளி நம்பர் உரிமம் உள்ள நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும். "பாதி விலையில் வெளிநாட்டு கால் தருகிறேன்" என்று சிம் பாக்ஸ் (வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் சிம் வழியாகத் திருப்பிவிடும் பெட்டி) வைத்து யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது குற்றம், உங்கள் கட்டடத்தில் பெட்டி இருந்தால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். விளம்பர அழைப்புக்கு 140 வரிசை நம்பர் தனியாக இருக்கிறது. அலுவலக ட்ரங்கில் விளம்பரம் செய்தால் நம்பரையே முடக்க முடியும்.

கடைசிச் செக்கைக் கொடுப்பதற்கு முன்

வாங்கிக்கொள்ள வேண்டியவை: பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு, அமைப்பின் பேக்கப் ஃபைல், எக்ஸ்டென்ஷன் பட்டியல், ட்ரங்க் விவரத் தாள். பாஸ்வேர்டு தர மாட்டேன் என்பவருக்கு நீங்கள் ஆயுள் சந்தா கட்டுகிறீர்கள் என்று பொருள்.

அப்புறம் சோதனை. எட்டுச் சேனல் என்றால் எட்டு மொபைலில் ஒரே நேரத்தில் பைலட் நம்பரைக் கூப்பிடச் சொல்லுங்கள், எட்டும் அடிக்க வேண்டும். ஒரு அழைப்பை இரண்டு நிமிஷம் விடுங்கள், 32 நொடிக் கோளாறு இருந்தால் தெரிந்துவிடும். இன்னொன்றை ஹோல்டில் போட்டு எடுங்கள், ட்ரான்ஸ்ஃபர் செய்யுங்கள், ஐ.வி.ஆரில் எல்லா எண்ணையும் அழுத்திப் பாருங்கள். ஒருவரைப் பெரிய ஃபைல் ஏற்றச் சொல்லிவிட்டுப் பேசிப் பாருங்கள்.

கடைசியாக மெயின் சுவிட்சை அணையுங்கள். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது, கரன்ட் போனாலும் போன் இருந்தது. ஐ.பி. போனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. பி.ஓ.இ. ஸ்விட்சும் பி.பி.எக்ஸ்.ஸும் யு.பி.எஸ்.ஸில் இருக்கும், டெலிகாம்காரர் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டி மட்டும் பக்கத்துச் சாதா ப்ளக்கில் இருக்கும். மேசை போன் எல்லாம் விளக்கெரிய உயிரோடு இருந்தும் வெளியே ஒரு கால் போகாது. அந்த ப்ளக்கை மாற்றி, மறுபடி அணைத்துப் பார்த்துவிட்டுச் செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.